தேய்மானம்

இரவு இரண்டேகால்.
கேயோன் துறைக்கு அப்பால், தகரக் கூரையில் மழை.
மூன்றாம் தொட்டியில் நாற்பதாயிரம் சால்மன் குஞ்சுகள்.
தொட்டிக்கு மேலே ஒற்றை விளக்கு
சுவரிடுக்குக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது.
ஆக்சிஜன் மானி பதினொன்று என்கிறது,
நான் மூச்சு விடுமுன் இரண்டு என்கிறது,
மறுபடி பதினொன்று.
அலாரம் கத்துகிறது. அணைக்கிறேன். கத்துகிறது.
குஞ்சுகளோ வழக்கம்போல் வட்டமிடுகின்றன,
தாங்கள் செத்துக்கொண்டிருக்கும் செய்தி
இன்னும் வந்து சேராதவைபோல.

யாரைக் கேட்பது?

மானி செய்தவர்கள் நார்வேயில்.
அங்கே இந்நேரம் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள்.
வரிசை எண், வாங்கிய ஆண்டு, உத்தரவாதச் சீட்டு,
மூன்று வேலை நாட்களுக்குள் பதில்.
வேலை நாள் எது, விடுமுறை எது என்று
மீனுக்கு யார் சொல்வது?

பெரிய சபை ஒன்று உண்டு, உலகத்து மேதைகளெல்லாம் கூடுவது.
போன வருஷம் ஒரு பம்பைப் பற்றி அங்கே கேட்டேன்.
நான்கு நிமிடத்தில் ஆறு பதில்.
முதல் ஆள்: இதை முன்பே கேட்டாயிற்று.
இரண்டாம் ஆள் என் இலக்கணத்தைத் திருத்தினான்.
ஆறாம் பதில்தான் சரி என்று பிற்பாடு தெரிந்தது.
ஆறுவரை படிக்க முகம் இடம் கொடுக்கவில்லை.

நாற்பதடி தள்ளி இன்ஜினியர் பால்டோவினோ தூங்குகிறார்.
தட்டினால் வருவார். சரியும் செய்வார்.
காலைச் சாப்பாட்டு மேசையில்
ரொட்டிக்கு முன்னால் என் கதை பரிமாறப்படும்.

எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் இயந்திரம்
பணிவாக ஏழு காரணங்கள் அடுக்கிற்று.
ஏழும் இருக்கலாம்.

விஷயம் இதுதான்:
ஒவ்வொரு இடத்துக்கும் கேள்வியை எழுதிப் பார்த்தேன்.
எல்லாவற்றிலும் ஒரே ஒரு வரியை அழித்தேன்.
நார்வேக்கு, 'விதிப்படி சுத்தம் செய்யப்பட்டது.'
சபைக்கு, 'சுத்தம் செய்ததுண்டு.'
பால்டோவினோவுக்கு மனசுக்குள், 'நான் தொடவே இல்லை.'
சிரிக்க வாயில்லாத அந்த இயந்திரத்திடம்கூட
பொய்தான் சொன்னேன்.

பிறகு நினைவு வந்தது,
ராத்திரி முறைக்காரர்கள் முப்பத்தொரு பேர்
தொலைபேசியில் வைத்திருக்கும் குழு.
பெரும்பாலும் குளிரைத் திட்டுவார்கள்,
சூப் ஆறிப்போன படம் போடுவார்கள்.
போன வாரம் நோல்ஃபா எழுதினாள்:
ஆறாம் தொட்டித் தீனியை ஒன்பதாம் தொட்டிக்கு
இரண்டு நாள் போட்டுவிட்டேன்.
சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன?
சிரித்த கையோடு இருவர்
தங்கள் கதையை எடுத்து வைத்தார்கள்.

அங்கே எழுதினேன்.
'எடெல்மிரா, மூன்றாம் தொட்டி. மானி குதிக்கிறது.
நேற்று அதன் மூடியைச்
சட்டி தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தேன்.'
விரல் அழிக்கப் போயிற்று.
பார்த்துக்கொண்டே அனுப்பிவிட்டேன்.

டாஸ்மேனியாவிலிருந்து லாக்லன். அவனுக்கு அது மாலை.
உடைந்த ஸ்பானிஷில் ஒரே வரி:
'விளக்கை அணை. இருட்டில் எண்ணைப் பார்.'

அணைத்தேன்.
மழை திடீரென்று பெரிதாயிற்று.
கறுப்பில் பச்சையாக ஒன்பது புள்ளி நான்கு.
எண்ணிக்கொண்டே நின்றேன். நூறு எண்ணியும்
ஒன்பது புள்ளி நான்கு.
மூடியின் கறுப்புப் பூச்சில் நான் போட்ட கீறல் வழியே
வெளிச்சம் புகுந்து கண்ணைக் கூசவைத்திருக்கிறது,
ஆடிய விளக்குக்கு ஆடியிருக்கிறது மானி.

அடுத்த வரி வந்தது:
'நான் கத்தியால் சுரண்டினேன். ஆறு வருஷமாச்சு.
முதலாளிக்குத் தெரியாது.'

என் மழைக்கோட்டைத் தொட்டியின் அந்த ஓரத்தில் போர்த்தி
நனைந்த கம்பளிச் சட்டையோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.
அலாரத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

விடிந்ததும் நார்வேக்கு எழுதினேன்:
மூடி ஒன்று தேவை, அவசரம்.
'காரணம்' என்றொரு கட்டம் இருந்தது.
'தேய்மானம்' என்று போட்டேன்.

பொய்யில்லையே.